மூன்று சுழியும் இரண்டு சுழியும் பிரியும் இடம்: ஏபிஐ கேட்வே எப்படி வழி காட்டுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “குபர்னடீஸ்காரர்கள் என்ஜின்எக்ஸைக் கைவிட்டுவிட்டார்களாமே. எங்கள் ஆபீசிலும் அதை எடுத்துவிட்டு ஏபிஐ கேட்வே வைக்கப்போகிறார்கள். வருகிற ரெக்வெஸ்ட்டை வாங்கி உள்ளே அனுப்புகிற வேலையைத்தானே ரெண்டும் செய்கின்றன? எதற்கு மாற்ற வேண்டும்?”

முதலில் பெயர்கள். பல கணினிகளில் மென்பொருள்களைப் பரப்பி ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு குபர்னடீஸ். வெளியிலிருந்து வரும் ரெக்வெஸ்ட்டை, அதாவது கோரிக்கையை, வாங்கி உள்ளே உரிய சர்வீஸுக்கு (ஒரு வேலையைச் செய்யும் சிறு மென்பொருளுக்கு) அனுப்பும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ். அப்படி வழிகாட்டுவதோடு வாசல் காவலையும் சேர்த்துப் பார்ப்பது ஏபிஐ கேட்வே. இனி அந்தச் செய்தியைச் சரிசெய்துவிடுவோம். 2025 நவம்பரில் ஓய்வு அறிவிக்கப்பட்டது ‘இன்கிரஸ் என்ஜின்எக்ஸ்’ என்ற கன்ட்ரோலருக்கு. குபர்னடீஸுக்குள் வரும் போக்குவரத்துக்கான விதிகளுக்கு ஏற்ப என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் ஃபைலை (அது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பை) எழுதித் தருகிற இடைநிலை மென்பொருள் அது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்கிரஸ் என்ஜின்எக்ஸைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான், அதுவும் வேலை முடிந்த பிறகு, சனி ஞாயிறுகளில். எத்தனையோ நிறுவனங்களின் வாசல் கதவு அது. அதைக் காக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க யாரும் முன்வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்டது என்ஜின்எக்ஸ். ஒரே கணினியில் ஒரே சமயத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவதுதான் அன்றைய பெரிய சவால். அதை அது அழகாகச் சமாளித்தது. எந்த முகவரிக்கு வரும் ரெக்வெஸ்ட்டை எந்த சர்வீஸுக்கு அனுப்புவது என்பதை ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறோம். ஃபைலைத் திருத்தினால் ‘ரீலோட்’ கொடுக்கிறோம். உடனே தலைமை தாங்கும் மாஸ்டர் புராசஸ், இணைப்புகளைக் கவனிக்கும் புதிய வொர்க்கர்களைப் பெற்றெடுக்கும். பழைய வொர்க்கர்கள் கையில் இருக்கிற இணைப்புகளை முடித்துக்கொண்டு விடைபெறும்.

மாதம் ஒரு முறை திருத்துகிறவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் அறுபது சர்வீஸ்கள், நாளுக்கு முப்பது மாற்றங்கள் என்று ஆனால் சிக்கல்தான். மணிக்கணக்கில் திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பழைய வொர்க்கர்கள் போகாமல் நிற்கும். அடுத்த ரீலோடில் இன்னொரு தலைமுறை வந்து சேரும். நினைவகம் வீங்கும்.

அந்த ஃபைலின் நுணுக்கத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ‘/பயணம்/’ என்று தொடங்கும் ரெக்வெஸ்ட்டுகளை உள்ளே ஒரு சர்வீஸுக்கு அனுப்பும் வரி இருந்தது. உள் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால், என்ஜின்எக்ஸ் ‘/பயணம்/’ என்ற பகுதியை வெட்டிவிட்டு ‘/தேடு’ என்று மட்டும் அனுப்பும். சாய்கோடு இல்லையென்றால் ‘/பயணம்/தேடு’ என்று முழுசாக அனுப்பும். ஒரு திருத்தத்தில் அந்தச் சாய்கோடு அழிந்துபோனது. இலக்கணம் இரண்டு வகையிலும் சரி என்பதால் ஃபைல் சோதனை பச்சைக்கொடி காட்டியது. தேடல் முழுக்க 404, அதாவது ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்ற பிழை. இரவு பதினொன்றரைக்குத்தான் அந்த ஒரு கோடு கண்ணில் பட்டது. காங் என்ற கேட்வேயில் ‘பாதையை வெட்டவா, வேண்டாமா’ என்பதற்கென்றே ஒரு தனிப் புலம் உண்டு. ஆம், இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்கு அது பெரிய விஷயமாகவே படுகிறது.

கேட்வேகளில் பிரபலமான காங், அபாச்சி ஏபிஐசிக்ஸ் இரண்டையும் திறந்து பார்த்தால் உள்ளே ஓடுவது என்ஜின்எக்ஸேதான். ஓபன்ரெஸ்டி என்ற திட்டம் என்ஜின்எக்ஸுக்குள் லூவா என்ற நிரல் மொழியை ஓடவைத்தது. அதன் மேல்தான் இரண்டும் எழும்பி நிற்கின்றன. ஆகவே உங்கள் ஆபீசில் நடக்கப்போவது என்ஜின்எக்ஸை விரட்டுவது அல்ல. வழிகாட்டும் வேலை ஃபைலிலிருந்து தரவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஏபிஐசிக்ஸில் ஒரு புதிய ரூட் (எந்தப் பாதைக்கு வரும் ரெக்வெஸ்ட் எந்த சர்வீஸுக்கு என்ற வழி விதி) சேர்த்தால் அது எட்சிடி என்ற தரவுக் களஞ்சியத்தில் போய் உட்காரும். எட்சிடியைக் கவனித்துக்கொண்டே இருக்கும் வொர்க்கர்கள் மாற்றத்தை உடனே எடுத்துக்கொள்ளும். எந்த வொர்க்கரும் சாவதில்லை, எந்த இணைப்பும் அறுவதில்லை. யார் நீ என்று விசாரிப்பது, அளவுக்கு மீறிக் கேட்பவர்களை நிறுத்துவது, கணக்கு எழுதுவது எல்லாமும் அதே வாசலில் நடக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஆயிரம் ரூட்கள் இருக்கின்றன. ஒரு ரெக்வெஸ்ட் வருகிறது. ஆயிரத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்காமல் சரியானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏபிஐசிக்ஸ் இதற்கு ரேடிக்ஸ் மரத்தைப் பயன்படுத்துகிறது. இரண்டு முன்னொட்டுகளுக்கான (பாதையின் தொடக்கப் பகுதிகளுக்கான) ரூட்களை எடுத்துக்கொள்வோம்: ‘/பயணம்’, ‘/பயனர்’. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே என்பதால், பொதுவான பகுதியை மரம் ஒரே தண்டாக ஒரே முறை சேமிக்கும். வித்தியாசம் தொடங்குகிற இடத்தில் மட்டும் கிளை பிரியும். எங்கே தொடங்குகிறது? ‘பய’வுக்குப் பிறகு, மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் வருகிற இடத்தில் என்றுதான் நாம் சொல்வோம். மரம் அப்படிப் பார்ப்பதில்லை. அதற்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும்: கணினி எழுத்தைச் சேமிக்கும், 0 முதல் 255 வரையிலான எண்.

எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ‘ண’ என்பது 224, 174, 163. ‘ன’ என்பது 224, 174, 169. முதல் இரண்டு பைட்டும் ஒன்றேதான்! ஆகவே தண்டு, சாய்கோட்டுக்கு ஒரு பைட், ‘பய’வுக்கு ஆறு பைட் என்று போய், அடுத்த எழுத்தின் மூன்றில் இரண்டு பங்கையும் சேர்த்துக்கொண்டு ஒன்பது பைட் நீளத்தில் நிற்கும். கிளை பிரிவது ஓர் எழுத்தின் நடு வயிற்றில். 163 வந்தால் இந்தப் பக்கம், 169 வந்தால் அந்தப் பக்கம். பள்ளியில் நாம் சிவப்பு மையில் திருத்தம் வாங்கிய அந்த ஒரு சுழி வித்தியாசம் இங்கே ஒரே ஒரு எண்ணாகச் சுருங்கி நிற்கிறது. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

ஒருவர் ‘பயனம்’ என்று பிழையாக அடித்தால்? 169இன் கிளைக்குள் போகும். அங்கே அடுத்து ‘ர’வின் 224, 174, 176 காத்திருக்கும், வருவதோ ‘ம’வின் 224, 174, 174. மூன்றாவது பைட்டில் முட்டிக்கொள்ளும். அப்போது மரம் உடனே கைவிரிப்பதில்லை. மேலிருந்து இறங்கிய பாதையில் ரூட் தொங்கிய கணுக்களில் எது கடைசியோ, அதற்குத் திரும்பும். மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டுக்கே முதல் உரிமை என்ற விதி இப்படித்தான் தானாகவே கிடைக்கிறது. இதன் செலவு ரெக்வெஸ்ட் பாதையின் நீளத்தைப் பொறுத்தது, ரூட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. பாதை அறுபது பைட் என்றால், ரூட்கள் பத்தோ பத்தாயிரமோ, ஏறக்குறைய அறுபது ஒப்பீடுதான்.

நியாயமாகச் சொன்னால், முன்னொட்டு வரிகளை என்ஜின்எக்ஸும் ஒரு மரமாகத்தான் அடுக்கி வைக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் சூத்திரம்) வரிகளை மட்டும் ஃபைலில் எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கும். வருடக்கணக்கில் வளர்ந்த ஃபைல்களில் அந்த வரிகள்தான் மண்டிக் கிடக்கும். ஒன்றை இடம் மாற்றினால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாது. ‘அந்த வரியைத் தொடாதே’ என்ற எச்சரிக்கை ஒரு சாங்கியமாகவே மாறிவிடுகிறது. காரணம் தெரியாமல் ஒரு வரிக்குப் பயப்படுவது பொறியாளருக்கு அழகல்ல; ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள், பயம் போய்விடும்.

இந்த மரத்தின் பூர்வீகம் இணையம் அல்ல. இப்படி எழுத்தெழுத்தாகக் கிளை பிரியும் மரத்துக்கு ‘டிரை’ என்ற பெயரை எட்வர்ட் ஃப்ரெட்கின் 1960இல் வைத்தார். ஒற்றைக் கிளைச் சங்கிலிகளை ஒன்றாக இறுக்கிக் கட்டும் ‘பட்ரீஷியா’ முறையை டொனால்ட் மாரிசன் 1968இல் வெளியிட்டார். எழுத்துத் தகவல்களைத் தேடி எடுப்பதற்காகப் பிறந்தது அது. இன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் ஐபி முகவரிக்கு வழி தேடுவதும் இதே குடும்பத்து மரத்தில்தான். லூவாவும் அப்படித்தான்: 1993இல் ரியோ டி ஜெனிரோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ‘எந்த ஆண்டு சந்தைக்கு வரும்?’ என்று கேட்டுக் கேட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் நம் வழக்கம் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1968இல் யாரும் மாரிசனிடம் ஏபிஐ கேட்வே கேட்டிருக்க முடியாது.

எல்லோருக்கும் கேட்வே வேண்டுமா? வேண்டாம். நான்கு சர்வீஸ், மாதம் ஒரு மாற்றம் என்றால் என்ஜின்எக்ஸே போதும். எட்சிடியைப் பராமரிப்பது தனி வேலை. வைப்பதென்றால் கேட்வேயை நிர்வகிக்கும் அட்மின் போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், இயல்பாக ஒரு சாவி வந்தால் அதை முதல் நாளே மாற்றுங்கள்.

மாற்றும்போது அந்த மரமே கைகொடுக்கும். கேட்வேயை முன்னால் நிறுத்தி முதலில் ஒரே ஒரு ரூட் போடுங்கள்: ‘/*’, அதாவது எல்லாமே பழைய என்ஜின்எக்ஸுக்கு. அது மரத்தின் வேர். அப்புறம் ‘/பயணம்/*’ என்று ஒரு கிளை சேர்த்து, நூற்றில் ஐந்து ரெக்வெஸ்ட்டை மட்டும் கேட்வேயிலிருந்தே நேராக சர்வீஸுக்கு அனுப்பிப் பாருங்கள். பிழை ஏறுகிறதா? அந்த ஒரு ரூட்டை அழித்துவிடுங்கள். அடுத்து வரும் ‘/பயணம்/தேடு’ மரத்தில் இறங்கிப் பார்த்து, கிளை இல்லாததால் வேருக்குத் திரும்பி, நேற்றுவரை தட்டிய அதே கதவைத் தட்டும்.