ஐந்து டிரம்பெட் சேர்ந்தால் எவ்வளவு சத்தம்?

ஒரு டிரம்பெட் கலைஞருக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு பேர் நின்று அதே சுரத்தை அதே பலத்தில் ஊதினால், சத்தம் ஐந்து மடங்காகக் கேட்கும் என்றுதான் நினைப்போம். கேட்காது. ஒலியாற்றல் ஐந்து மடங்கானாலும் டெசிபல் கணக்கில் அது 7 மட்டுமே கூடுகிறது. இரண்டு மடங்காகக் காதில் விழுவதற்கே சுமார் 10 டெசிபல் கூட வேண்டும்.

பிறகு எதற்கு 'பிக் பேண்ட்' எனும் பெரிய ஜாஸ் குழுவில் இத்தனை பேர்? நிறத்துக்காக, அதாவது ஒவ்வொரு ஒலிக்கும் உள்ள தனித்தன்மைக்காக. சந்தேகம் இருந்தால் 'இன்ஃபெர்னல் மெஷின்ஸ்' கேளுங்கள். வான்கூவரில் பிறந்து நியூயார்க்கில் வேரூன்றிய இசையமைப்பாளர் டார்சி ஜேம்ஸ் ஆர்க்யூ, தன் 'சீக்ரெட் சொசைட்டி' குழுவுடன் 2009-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் அது. சாக்ஸபோன் வரிசையில் 5 பேர், டிரம்பெட் 5, டிராம்போன் 4. கூடவே கிட்டார், பியானோ, பாஸ், டிரம்ஸ். ஆக மொத்தம் 18 பேர். 1930, 40-களின் ஸ்விங் ஜாஸ் காலத்து நடனக் குழுக்களின் அமைப்பேதான் கிட்டத்தட்ட. ஒலி மட்டும் முற்றிலும் வேறு.

டிராம்போனை எடுத்துக்கொள்வோம். பலமாக ஊதும்போது குழலுக்குள் அழுத்தம் எகிறுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் காற்று சற்றே சூடாவதால் அலையின் உச்சி வேகமாகவும் பள்ளம் மெதுவாகவும் ஓடுகின்றன. கரையை நெருங்கும் கடலலை போல, ஒலியலையின் முன்பக்கம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. குழலின் நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர்; அதில் பெரும்பகுதி விரியாமல் ஒரே அகலத்தில் செல்வதால் அலைக்கு ஓட நிறைய இடம். மிக உரக்க ஊதினால் வெளியே வருவதற்குள் அது அதிர்ச்சி அலையாகவே மாறிவிடும்! செங்குத்தான அலையில் உயர் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வெண்கள்) குவிந்திருக்கும். பித்தளை வாத்தியங்களின் அந்தப் பளீர் ஒலி பிறப்பது இப்படித்தான்.

டிரம்பெட்டின் உறவுக்கார வாத்தியமான ஃபிளூகல்ஹார்னின் குழலோ பெரும்பாலும் விரிந்துகொண்டே செல்லும். அலை பரவி வலுவிழப்பதால் செங்குத்தாக வழியில்லை. குரல் மென்மையாக உருள்கிறது. டிரம்பெட் கலைஞர்கள் இதையும் கையோடு வைத்திருப்பது அதனால்தான்.

இனி மியூட்கள், அதாவது வாத்தியத்தின் வாயில் மாட்டி ஒலியை மாற்றும் அடைப்பான்கள். 'ஹார்மன்' மியூட்டைச் சுற்றியுள்ள கார்க் வளையம் டிரம்பெட்டின் வாயை முழுசாக அடைத்துவிடும். ஊதும் காற்று முழுவதும் அந்த உலோகக் கூட்டின் சிறு துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். கீழ் அதிர்வெண்கள் அமுங்கி, மெல்லிய ரீங்காரம் மிஞ்சும். 'பக்கெட்' மியூட் இதற்கு நேர்மாறு: உள்ளே அடைத்த மென்மையான பொருள் உயர் மேற்சுரங்களை உறிஞ்சிவிடும்.

பக்கெட் மாட்டிய டிராம்போன், ஃபிளூகல்ஹார்ன், கிளாரினெட் மூன்றும் மிகச்சரியாக ஒரே கணத்தில் தொடங்கினால், எது எதுவென்று காதால் எளிதில் பிரிக்க முடியாது. ஒன்றாகத் தொடங்கும் ஒலிகளை ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்வது மூளையின் இயல்பு. அதுவரை இல்லாத ஒரு புது வாத்தியமே நமக்குக் கேட்கிறது. நல்ல இசையமைப்பாளரின் கைவண்ணம் முழுக்க இங்கேதான் என்பேன்.

ஆல்பத்தின் தலைப்பு ('நரக இயந்திரங்கள்') அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசாவின் சொல். ஒலிப்பதிவு இயந்திரங்கள் இசையை அழித்துவிடும் என்று 1906-இல் அவர் கொதித்தபோது அவற்றுக்கு வைத்த பெயர். ஆனால் பதிவு காப்பாற்றித் தருவதும் அந்த நிறத்தைத்தான். உச்சக்கட்டம் வரும்போது ஒலியளவை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். ஒலி சன்னமாகும், மேற்சுரங்களின் விகிதம் அப்படியே இருக்கும். அதனால் ஊதுகிறவர்கள் முழு மூச்சில் ஊதுகிறார்கள் என்பது அப்போதும் தெளிவாகத் தெரியும்.