ஹெர்ஷல் கண்ட ஓட்டை

விருச்சிக மண்டலத்தைத் தொலைநோக்கியால் துழாவிய வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், விண்மீன்கள் மொய்த்துக் கிடக்கும் பரப்பின் நடுவே ஒன்றுகூட இல்லாத இருட்டுத் திட்டு ஒன்றைக் கண்டார். அது வானத்தில் விழுந்த ஓட்டை என்று 1785இல் எழுதினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவரே சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறம் நிறமாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. தான் ஓட்டை என்று நினைத்த இடத்துக்குள் பார்க்க உதவப்போவது இந்தக் கதிர்தான் என்பதை அவர் அறியவே இல்லை.

அத்தகைய திட்டுகள் குளிர்ந்த வாயுவும் தூசும் திரண்ட மேகங்கள். நன்கு ஆராயப்பட்ட ஒன்று பர்னார்ட் 68. அரை ஒளியாண்டு அகலம். அதன் மையத்தைக் கடக்கும் கட்புல ஒளியில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில், லட்சம் கோடியில் ஒரு பங்குதான் மறுபுறம் வந்து சேரும். 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீள அகச்சிவப்பிலோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வந்துவிடும். தூசுத் துகள்கள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ளவை. அவற்றைவிடப் பெரிய அலை அவ்வளவாகச் சிதறாமல் கடந்துவிடுகிறது. 2001இல் வெளியான ஆய்வில் மேகத்துக்குப் பின்னாலுள்ள 3,700க்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறத்தை அளந்தார்கள். அவற்றில் ஆயிரத்துக்கும் மேல் கட்புல ஒளியில் தெரியாதவை. ஒவ்வொன்றும் எவ்வளவு சிவந்து தெரிகிறது என்பதிலிருந்து, அதன் முன்னே எவ்வளவு தூசு நிற்கிறது என்று கணக்கிட்டு, மேகத்தின் உள்ளமைப்பையே வரைந்துவிட்டார்கள்.

ஆனால் அகச்சிவப்பை வெறும் சாளரமாக மட்டும் பார்ப்பது போதாது. விண்மீன் பிறப்பதற்கே அது வேண்டும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கும்போது சூடேற வேண்டும். சூடேறினால் அழுத்தம் கூடிச் சுருக்கம் நின்றுவிடும். அந்தச் சூட்டைத் தூசு வாங்கி அகச்சிவப்பாக வெளியே அனுப்பிவிடுகிறது. அதனால் மேகம் 10 கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவிலேயே குளிர்ந்து கிடந்து, தடையின்றிச் சுருங்குகிறது. மையம் போதுமான அளவு அடர்ந்ததும் அகச்சிவப்பும் உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்போதுதான் வெப்பம் எகிறுகிறது, விண்மீனின் கரு உருவாகிறது.

குளிர்ந்த பொருள் நீண்ட அலையில் ஒளிரும். நம் உடல் 9 மைக்ரான் அருகே. 10 கெல்வின் மேகம் 290 மைக்ரான் அருகே. அந்த அலையைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுவதால் விண்வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. போனாலும் சூடான கருவி தானே ஒளிர்ந்து, பார்க்க வந்ததை மறைத்துவிடும். 2009இல் ஐரோப்பா ஏவிய தொலைநோக்கியின் சில உணர்விகளை 0.3 கெல்வினுக்குக் குளிர்வித்திருந்தார்கள். 2013இல் குளிர்விக்கும் திரவ ஹீலியம் தீர்ந்தது, பணியும் முடிந்தது. அந்தத் தொலைநோக்கியின் பெயர் ஹெர்ஷல்.

எந்த மேகத்துக்குள் கரு விழுந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்வது எளிதல்ல. எல்1014 என்ற மேகத்தில் விண்மீன் இல்லை என்றே நம்பியிருந்தார்கள். 2004இல் ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி அதற்குள் மங்கலான ஒரு புள்ளியைப் பிடித்தது.

இன்னொரு மேகமான எல்1527ஐ வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022இல் எடுத்த படத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அதற்குள் இருக்கும் விண்மீன் கருவின் வயது வெறும் ஒரு லட்சம் ஆண்டு. கரு வீசியெறியும் பொருள் மேலும் கீழும் குடைந்த பள்ளங்கள் உடுக்கை வடிவில் ஒளிர்கின்றன. உடுக்கையின் இடுப்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. நம் சூரியக் குடும்பத்தின் அளவுள்ள தூசுத் தட்டு அது, விளிம்புப் பக்கமாகத் தெரிகிறது. பின்னாளில் கோள்கள் திரளக்கூடிய இடம். கருவும் அங்கேதான் இருக்கிறது, அந்தக் கோட்டுக்குள் மறைந்தபடி.