சார்கோபீனியா – தசை நலிவு

முதியோர் மருத்துவர் சீட்டில் ‘சார்கோபீனியா’ என்று எழுதினால், வயதோடு தசையின் அளவும் பலமும் குறைந்துகொண்டே போகிறது என்று பொருள். 1988-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு, இர்வின் ரோசன்பெர்க் என்ற மருத்துவ ஆய்வாளர் முன்வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் சார்க்ஸ் என்றால் சதை, பெனியா என்றால் வறுமை. பெயர் வைத்தால்தான் இதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. அது சரிதான். நம் வீடுகளில் இன்றும் “வயசானா உடம்பு வத்தத்தானே செய்யும்” என்று விட்டுவிடுகிறோம்.

தமிழில் தசையிழப்பு எனலாம். ஆனால் அது அளவை மட்டும்தான் சொல்கிறது. இப்போது மருத்துவர்கள் பலத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் பலம் குறைவு. தசைச் சிதைவு என்பதோ மரபணுவால் வரும் வேறு நோய்க்கு வழங்கும் பெயர். நலிவில் மெலிவும் உண்டு, தளர்ச்சியும் உண்டு. அதனால் தசை நலிவு என்பதே பொருத்தம்.

வயது மட்டும் காரணமில்லை, சாப்பாடும் பெரிய காரணம். பல் போனதும் சுண்டலும் கறியும் தட்டை விட்டுப் போய்விடும். துணையை இழந்தவர், ஒருத்தருக்காக உலை வைப்பானேன் என்று காபியும் பன்னுமாக ராத்திரியை ஓட்டிவிடுவார். சில மாத்திரைகள் பசியைக் கெடுக்கும், மனச்சோர்வும் அப்படியே. அப்புறம், பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே கால் சதை கரைந்துவிடும். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ பாட்டிக்கு 50–60 கிராம். அவர் ‘போதும்’ என்று எழுந்துவிடும் இரண்டு இட்லியில் நான்கைந்து கிராம்தான் தேறும்.

எடை குறையவில்லையே என்று இருந்துவிடவும் கூடாது. தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்திருந்தால் தராசு காட்டிக்கொடுக்காது. ஜப்பானில் ஒரு சுலபமான சோதனை செய்கிறார்கள்: தன் இரு கைக் கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் வளையமாகச் சேர்த்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முட்டை, பால், குழைய வேகவைத்த பயறு, அதோடு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, இவை இருந்தால் இழந்த பலத்தில் ஓரளவு மீளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.