வலையொலி: சொல் விளக்கம்

பாட்காஸ்ட் என்பதற்குத் தமிழில் வலையொலி. வலை, ஒலி இரண்டும் புணரும்போது இடையில் யகரம் உடம்படுமெய்யாக வரும். இணையவழியில் தொடராக வெளிவந்து, கேட்பவர் தமக்கு வேண்டிய நேரத்தில் கேட்கும் ஒலிப்பதிவையே இச்சொல் குறிக்கிறது. ஒலிபரப்பு என்று சொன்னால் பொருந்தாது. அதில் நேரத்தை நிலையம்தான் முடிவு செய்யும்.

ஆங்கிலச் சொல் ஓர் ஒட்டு. முன்பாதி, 2001இல் ஆப்பிள் வெளியிட்ட ஐபாட் கருவியின் பெயரில் பாதி. பின்பாதி பிராட்காஸ்ட் என்பதன் வால். வானொலிக்கு வருமுன் அச்சொல் வயலில் விதையைக் கையால் வீசித் தூவுவதைக் குறித்தது. 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பத்திரிகையாளர் பென் ஹாமர்ஸ்லி இந்தப் புதிய வழக்கத்துக்குச் சில பெயர்களை முன்வைத்தார். பாட்காஸ்டிங் அவற்றில் ஒன்று. மறு ஆண்டே நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி பாட்காஸ்டை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

உண்மையில் இதற்கு ஐபாட் தேவையே இல்லை. இதன் உயிர்நாடி ஆர்எஸ்எஸ் ஓடை. ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி ஆகியவற்றை வரிசையாகக் கொண்ட சிறு எழுத்துக்கோப்பு அது. செயலி அதை அவ்வப்போது படித்துப் புதிய பகுதியைக் கொண்டுவந்து சேர்க்கும். ஐபாடை ஆப்பிள் 2022இல் கைவிட்டது. வலையொலிக்கு ஒரு குறையும் வரவில்லை. கருவியை விட்டுவிட்டு வலையைப் பற்றிக்கொண்ட தமிழ்ச்சொல்லே மூலத்தைவிடச் சரியானது என்பேன்.

இதை நடத்துபவர் வலையொலியாளர். நேர்காணல் வலையொலியாளருக்கு நல்ல சான்று லெக்ஸ் ஃபிரிட்மன். தஜிகிஸ்தானில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர். ஒருவர் விசைப்பலகையையும் சுட்டியையும் கையாளும் விதத்தை வைத்தே அவர் யார் எனக் கணினி அறிவது எப்படி என்று ஆராய்ந்து, 2014இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) தானியங்கி கார்களுக்கும் ஓட்டுநருக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். 2018இல் செயற்கை நுண்ணறிவைப் பெயரிலேயே தாங்கிய வலையொலியைத் தொடங்கினார். விருந்தினர் வட்டம் கணினித் துறையைத் தாண்டி விரிந்ததும் 2020இல் தன் பெயரையே அதற்குச் சூட்டினார். 2025 மார்ச்சில் வெளியான நரேந்திர மோடியின் நேர்காணல் மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. இந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதுதான் வலையொலியின் தனிச்சிறப்பு.

எழுதும்போது லகரத்தில் கவனம் வேண்டும். வலையொளி என்றால் காணொளித் தளம்; யூடியூபைச் சிலர் அப்படி எழுதுகிறார்கள். ஃபிரிட்மனின் உரையாடல்கள் இரண்டு வடிவிலும் வெளியாகின்றன. காதால் கேட்டதை வலையொலி என்றும், யூடியூபில் பார்த்ததை வலையொளி என்றும் எழுதுக.