எச்சரிக்கை கேட்டவர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஊராட்சி, நகராட்சிப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பேரிடர் பயிற்சி நடத்துவது என் வேலை. படகு, கயிறு, ஜெனரேட்டர் என்றால் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள். மக்களுக்கான அறிவிப்பை எழுதுவோம் என்றால் மட்டும், “போன வருஷத்துது இருக்கு சார், தேதியை மாத்திக்கலாம்” என்பார்கள். படகு தேவைப்படாமலே ஒரு குடும்பத்தை வெளியேற்றக்கூடியது அந்த நாலு வரிதான். அதைத்தான் நாம் மிகவும் அலட்சியமாக எழுதுகிறோம்.

“ஏரியிலிருந்து வினாடிக்கு 5,000 கனஅடி உபரிநீர் திறப்பு” என்று செய்தி வருகிறது. ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால் 5,000 கனஅடி என்பது, 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட பன்னிரண்டை ஒவ்வொரு வினாடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். இப்படிச் சொன்னால் அளவு புரியும். ஆனால் என் வீட்டுக்குத் தண்ணீர் வருமா, எப்போது வரும் என்பது இதிலும் இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு அந்த எண் எதற்கு? எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்பதல்லவா தேவைப்பட்டது?

புயல் எச்சரிக்கைக் கூண்டையும் சொல்ல வேண்டும். அது துறைமுகத்துக்கும் கப்பல்களுக்குமான குறியீடு. 1 முதல் 11 வரை போவதால், எண் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று டிவி பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைத்தான் காட்டுகின்றன. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 11 என்றால் வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வீட்டில் இருப்பவர் இதை வைத்து என்ன முடிவெடுப்பார்?

மழையும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கும் அதே பெயர்தான். இதில் வானிலை மையத்தைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் மாவட்ட அளவில்தான் அவர்கள் எச்சரிக்கிறார்கள். அதைத் தெரு அளவுக்கு இறக்கிச் சொல்வது உள்ளூர் அலுவலகத்தின் பொறுப்பு.

பயிற்சியில் ஒரு கேள்வி கேட்பேன்: “தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்றால், உங்கள் ஊரில் யார் கிளம்ப வேண்டும்?” ஒவ்வொருவரும் பக்கத்துத் தெருவைக் காட்டுவார்கள். தான் குடியிருக்கும் இடத்தைத் தாழ்வான பகுதி என்று யாரும் நினைப்பதில்லை. பாதுகாப்பான இடம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம். கடைசியில் இப்படி ஒன்று வரும்:

“ஆற்றங்கரைத் தெரு, பிள்ளையார் கோவில் தெருவில் இருப்பவர்களுக்கு: இன்று இரவு 9 மணிக்குள் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரலாம். மாலை 6 மணிக்குள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்துவிடுங்கள். சாப்பாடு, பாய் அங்கே இருக்கிறது. மாத்திரை, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் 1077-க்குக் கூப்பிடுங்கள், வண்டி வரும்.”

இதில் ஒரு கனஅடிகூட இல்லை. “இப்படி எழுதினால் அரசு அறிவிப்பு மாதிரி இல்லையே” என்று சிலர் தயங்குவதுண்டு. தண்ணீர் வராமல் போனால் பழி நம் மேல் விழுமே என்ற பயம் அதற்குள் இருக்கிறது. நியாயமான பயம்தான். அதனால்தான் “வரலாம்” என்று எழுதுகிறோம். ஆனால் தெருப் பெயரையும் நேரத்தையும் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். அதே மாதிரி, சொன்ன வண்டி வர வேண்டும். ஏற்பாடு செய்யாத வண்டியை அறிவிப்பில் எழுதக் கூடாது.

ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆட்டோ நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வீட்டுக்காரர் காதில் ஒன்றிரண்டு வாக்கியம்தான் விழும். அதற்குள் “பொதுமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள்” என்பது மட்டும் ஓடிவிட்டால் பயனில்லை. தெருமுனையில் நிறுத்தி, தெருப் பெயரிலேயே தொடங்கி, இரண்டு முறை சொல்லிவிட்டு நகருங்கள்.

அடுக்குமாடிச் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. “நாளை” என்று எழுதாதீர்கள். அந்தச் செய்தி மூன்று நாள் கழித்தும் சுற்றும், படிப்பவருக்கு அப்போதும் அது நாளைதான். தேதி, கிழமை, மணி மூன்றையும் போடுங்கள். ஃபார்வர்டு செய்யும்போது அவை விடுபடாமல் இருக்க, படமாக அனுப்பினால் படத்துக்குள்ளேயே எழுதுங்கள்.