பசையில்லாத வலை

விடியற்காலையில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புல்வெளிப் பக்கம் நடந்தால், யாரோ வெள்ளைக் கைக்குட்டைகளைக் காயப்போட்டதுபோல் வலைகள் தெரியும். பனித்துளி இல்லையென்றால் அவை கண்ணிலேயே படாது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு புனல் புல்லுக்குள் இறங்கும். அதன் வாயில்தான் சிலந்தி காத்திருக்கும். என் ஆயா இதை ‘எட்டுக்கால் பூச்சி வீடு’ என்பார்.

இப்படிப் புனல் வலை கட்டும் புல் சிலந்திகளின் குடும்பத்தில் நிறைய ஆராயப்பட்ட பேரினம் அகெலெனாப்சிஸ். அது வட அமெரிக்காவுக்கு உரியது. நம் புல்லில் இருப்பவை அதன் தூரத்து உறவுகள். ஆனால் வலை கட்டும் வித்தை ஒன்றுதான்.

அந்த வலையில் பசையே கிடையாது. இதை முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. ஒட்டாத வலையில் இரை எப்படிச் சிக்கும்? விரிப்புக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல்கள் ஓடுகின்றன. பறந்து வரும் பூச்சி அவற்றில் மோதிக் கீழே விழும். விழுந்ததும் அதன் கால்கள் மெல்லிய நூலடுக்குகளுக்குள் புதைந்துவிடும். உதறிக்கொண்டு எழக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம் சிலந்திக்குப் போதும். அதிர்வு கால்களில் பட்ட கணமே பாய்ந்து ஓடி வந்து கடித்து, இரையைப் புனலுக்குள் இழுத்துப் போய்விடும். பசை செய்யும் வேலையை இங்கே வேகம் செய்கிறது.

சிலந்தியின் பின்பக்கம் பாருங்கள், இரண்டு குட்டி வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் நூல் விடும் உறுப்புகள். அவற்றை இப்படியும் அப்படியும் அசைத்து அகலமாக நூல் படிய வைக்கிறது. நாளுக்கு நாள் அடுக்கு சேர்ந்து வலை தடிக்கும். புனலின் அடிப்பக்கமும் திறந்தே இருக்கும். ஆபத்து வந்தால் அந்த வழியாகத் தப்பிவிடலாம்.

புனல் வலை என்றதும் சிட்னியின் கொடிய சிலந்தி சிலருக்கு நினைவு வரும். அது வேறு கூட்டம். புல் சிலந்தியால் மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதன் நஞ்சு பூச்சிகளின் நரம்பை முடக்கும். அகெலெனாப்சிஸ் அபெர்ட்டா என்ற இனத்தின் நஞ்சிலிருந்து பிரித்த ஒரு பொருள், நரம்பணுக்களில் கால்சியம் நுழையும் ஒருவகை வாயிலை அடைக்கிறது. மூளை ஆய்வாளர்கள் அதை ஆய்வுக்கருவியாகவே பயன்படுத்துகிறார்கள்.

அந்த இனத்தில் கூடல் காலமும் விசித்திரம்தான். ஆண் வலைக்கு வந்து உடலை ஆட்டும். பெண் நினைவிழந்ததுபோல் சுருண்டுவிடும். அப்புறம்தான் ஆண் நெருங்கும். அகெலெனாப்சிஸ் பெண்கள் இலையுதிர் காலத்தில் முட்டைப்பை வைத்து, குளிரில் பெரும்பாலும் அதன்மேலேயே கிடந்து இறந்துபோகின்றன. வட அமெரிக்க வசந்தத்தில் குஞ்சுகள் வெளியே வரும். அப்போது இங்கே இலையுதிர் காலம், நம் மாரியம்மன் கோவிலில் புனித வெள்ளித் தீமிதி நடக்கிற பருவம்.