நின்ற சைக்கிளிலிருந்து விழுந்த தம்பி

அன்று நாங்கள் 18 பேர், 85 கிலோமீட்டர். சரிவில் காற்றாய் இறங்கினோம், தூறலில் வழுக்கும் சாலையில் வளைந்தோம், பெரிய வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். அதிலெல்லாம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கு எலும்பு முறிந்தது சைக்கிளை நிறுத்தும்போது.

நான் எலும்பு மூட்டு மருத்துவர். இந்தக் குழுவில் எப்போதும் கடைசி ஆளாகத்தான் ஓட்டுவேன். முதலுதவிப் பை என்னிடம் இருப்பதால் அப்படி என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்குவதும் ஒரு காரணம், அதை யாரும் கேட்பதில்லை.

விழுந்தவர் 26 வயதுத் தம்பி. புதிதாக க்ளிப் ஷூ வாங்கியிருந்தார். அந்த ஷூவின் அடியில் உள்ள கொக்கி பெடலோடு பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நிற்கப்போகிறோம் என்றால் சைக்கிள் உருண்டுகொண்டிருக்கும்போதே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். முதல் நிறுத்தத்தில் இவர் பிரேக் பிடித்தார், நின்றார், கால் பூட்டியிருப்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. யாரோ பக்கவாட்டில் சாய்த்து வைத்ததுபோல அவ்வளவு மெதுவாகச் சரிந்து, வலது கையை ஊன்றி விழுந்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். க்ளிப் ஷூ பழகும்போது நானும் இப்படி விழுந்தவன்தான்.

“ஒண்ணும் இல்ல டாக்டர், லேசா சுளுக்கிக்கிச்சு” என்றார். தலை தரையில் பட்டதா என்று முதலில் கேட்டேன். இல்லை. “சரி தம்பி, கையைக் காட்டுங்க.”

வீக்கம் இல்லை. விரல்களை நன்றாக மடக்கினார். கட்டைவிரலை மேலே விரிக்கச் சொன்னேன். அப்படி விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி இரண்டு தசைநாண்கள் புடைத்து, நடுவே ஒரு சின்னக் குழி விழும். நீங்களும் இப்போதே பார்க்கலாம். அந்தக் குழியில் என் விரலை வைத்து அழுத்தியதும் கையைப் பிடுங்கிக்கொண்டார். மறு கையில் அதே இடத்தில் அழுத்தினேன், ஒன்றும் சொல்லவில்லை. அதோடு அவருடைய அன்றைய ஓட்டத்தை முடித்துவைத்தேன்.

அந்தக் குழியின் அடியில் இருப்பது ஸ்கேபாய்டு என்கிற எலும்பு. முந்திரிப் பருப்பு அளவுதான், அதே வளைவுதான். விரித்த கையை ஊன்றி விழும்போது உடல் எடை இதன் மேல் இறங்குகிறது. இது உடைந்தால் கை கோணிப் போகாது, பெரிதாக வீங்காமலும் இருக்கலாம், சாமான்களைத் தூக்கவும் முடியும். அதனால்தான் பலர் சுளுக்கு என்று களிம்பு தடவிக்கொண்டு மாதக்கணக்கில் நாளை ஓட்டுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சாதாரணமாக நடக்கும். விரிசல் மயிரிழை அளவு இருக்கும், எலும்பும் நகர்ந்திருக்காது. தம்பிக்கும் அப்படித்தான் ஆனது. அன்று மாலையே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று எனக்குச் செய்தி அனுப்பினார், கூடவே ஒரு கட்டைவிரல் பொம்மை வேறு. கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டையைக் கழற்றக்கூடாது, இரண்டு வாரத்துக்குள் மறுபடி படம் எடுக்க வேண்டும் என்று பதில் போட்டேன். பன்னிரண்டாம் நாள் படத்தில் எலும்பின் இடுப்பில், அதாவது அதன் நடுப்பகுதியில், குறுக்காக ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. மாவுக்கட்டு போட்டோம். எம்ஆர்ஐ எடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். அந்த வசதி கிடைக்காத இடத்தில் பட்டையும் மறு எக்ஸ்ரேயும் போதும். குழியில் வலி இருக்கும் வரை முறிவு இருப்பதாகவே வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, முழங்கைப் பக்கமாகத் திரும்பி வருகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு வரத்து குறைந்துவிடும். பட்டையோ கட்டோ இல்லாமல் விட்டால் உடைந்த இரண்டு துண்டும் சேராமலே போகலாம், பின்பாதி செத்தும் போகலாம். பல வருடம் கழித்து மணிக்கட்டுத் தேய்மானத்தோடு வருபவர்களிடம் “எப்போதாவது விழுந்தீர்களா?” என்று கேட்டால், மறந்துபோன ஒரு விழுதலைச் சொல்வார்கள்.

தம்பியை எங்களோடு வந்த வேனில் ஏற்றினோம். முதல் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் ஜன்னல் வழியாக இடது கையால் எல்லோரையும் படம் பிடிக்கத் தொடங்கினார். அன்றைய நல்ல படங்கள் எல்லாம் அவர் எடுத்தவை. பாதியில் சாலை கோணலாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

பஞ்சர் மூன்று. மூன்றும் ஒரே சைக்கிளில். ட்யூபை மட்டும் மாற்றி, டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் அதே முள் அடுத்த ட்யூபையும் குத்தும். மூன்றாவது முறைதான் முள்ளைத் தேடினார்கள். அந்தக் காத்திருப்பில் ஒருவர் பாட, ஒருவர் தப்பாகத் தாளம் போட, நேரம் போனதே தெரியவில்லை.

சமதரையில் எதிர்காற்று வந்தபோது வரிசையாக ஒட்டி ஓட்டினோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். அந்தச் சுகத்தில் ஒருவருடைய முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. முன்னவர் குழிக்கு ஒதுங்கினார், சக்கரங்கள் உரசின. அப்படி உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்தான், அவருக்குத் திருப்ப இடம் இருக்காது. அன்று நூலிழையில் தப்பினார். முன்னால் ஓட்டுகிறவர் “குழி!” என்று கத்துவது மரியாதைக் குறைவல்ல, தயவுசெய்து கத்துங்கள்.

சரிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பது நிமிடம் ஏறியதற்குக் கூலியாக எட்டு நிமிட இறக்கம். தூறல் அப்போதுதான் நின்றிருந்தது. ஈர மண் வாசனை, காதில் காற்று, செயின் சத்தம்கூட இல்லை. வளைவுக்கு முன்பே பிரேக், வளைவுக்குள் பிரேக் இல்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கீழே வந்ததும் ஐம்பது வயதைத் தாண்டிய நாங்கள் மூன்று பேர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.

கடைசி 15 கிலோமீட்டரில், எப்போதும் பேசிக்கொண்டே வரும் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. கை நடுக்கம், வியர்வை, கேட்டால் எரிச்சல். காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருக்கிறார். உடலில் சேமித்த சர்க்கரை கடுமையான ஓட்டத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். நீண்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அதுவும் பசிக்கும் முன்பே. சர்க்கரை கலந்த பானம் கொடுத்து உட்காரவைத்தோம். இருபது நிமிடத்தில் பேச்சு திரும்பியது. கொஞ்சம் தாமதமாகத் திரும்பியிருக்கலாம் என்றார்கள் சிலர்.

இரவு குறிப்பு எழுத பேனாவை எடுத்தபோது என் வலது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துக் கிடந்தன. ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் வெளி ஓரத்தை மணிக்கணக்கில் அழுத்தினால் அங்கே ஓடும் அல்னார் நரம்பு நசுங்கும், அடிக்கடி பிடியை மாற்ற வேண்டும். காலையில் 17 பேருக்கும் இதைச் சொல்லித்தான் கிளப்பினேன். மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் என் ஹேண்டில்பாருக்கு இன்னொரு சுற்று டேப் சுற்றினேன். தம்பி அதையும் படம் எடுத்துவிட்டார்.